மூன்று மன்றோக்கள்: ஒரு குடும்பப் பெயரின் தென்னிந்தியத் தடங்கள்

சென்னைத் தீவுத்திடலை ஒட்டிக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ வேறு. கொல்லத்தில், கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில் உள்ள மன்றோத் தீவுக்குப் பெயர் தந்தவர் வேறு. ஐதர் அலியின் படைக்கு அஞ்சிக் காஞ்சிபுரத்திலிருந்து பின்வாங்கிய தளபதி மன்றோ இன்னொருவர். தாமஸ், ஜான், ஹெக்டர் என்னும் இம்மூவரையும் ஒருவராக்கிப் பேசும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. மூவரையும் பிரித்தறிவது அவசியம். பிரித்த பிறகு, அவர்களை இணைக்கும் இழை எது என்று கேட்பதும் அவசியம்.

மன்றோ குலத்தின் பூர்வீக நிலம் வட ஸ்காட்லாந்தின் ராஸ் பகுதியில், குரோமார்ட்டி கடற்கழியை அடுத்து இருக்கிறது. ஃபவுலிஸ் கோட்டை அதன் தலைமையிடம். குறுகலான அந்த நிலத்தில் இளைய மகன்களுக்குப் பங்கு குறைவு. எனவே பட்டாளமும் கிழக்கிந்தியக் கம்பெனியும் அவர்களுக்குப் பிழைப்பாயின. தென்னிந்தியாவில் இப்பெயர் திரும்பத் திரும்பத் தட்டுப்படுவதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

மூவரில் மூத்தவர் ஹெக்டர். 1764இல் பக்சார் போரில் வென்றவர். அதே ஆண்டில், கலகம் செய்த சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொல்வித்தவரும் அவரே. 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தபோது, சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்தும் உரிய நேரத்தில் உதவிக்குச் செல்லவில்லை. கனரகப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கித் திரும்பினார். மறு ஆண்டு நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார். ஊர் திரும்பியபின் அல்னெஸ் ஊருக்கு மேலுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில் வளைவுகள் கொண்ட ஒரு கட்டுமானத்தை எழுப்பினார். நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயலில் அமைந்தது அது என்பர். வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கிடைக்கவே அது கட்டப்பட்டது என்பதும் அந்த ஊர் வழக்கு. சோழக் கடற்கரையின் ஒரு நகரம் ஸ்காட்லாந்து மலையுச்சியில் நினைவுச்சின்னமாக நிற்பதைத் தமிழ் வரலாற்றெழுத்து போதிய அளவு கவனித்ததில்லை என்பது என் கருத்து.

தாமஸ் மன்றோ 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரால் தந்தையின் வணிகம் நொடித்தது. 1780 ஜனவரியில் சென்னைக்கு வந்த அந்தப் பதினெட்டு வயதுப் பயிற்சி வீரர் முதலில் பணியாற்றியது ஹெக்டரின் படையில்தான். பொள்ளிலூர்த் தோல்வியைப் பற்றித் தந்தைக்கு எழுதிய கடிதங்களில் பின்னாளைய நிர்வாகியின் கண் அப்போதே தெரிகிறது. 1792 முதல் பாரமகாலில், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில், அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலங்களை அளந்து, குடியானவரோடு நேரடியாக வரி பேசினார். ரயத்துவாரி முறை வேரூன்றியது இங்கேதான். அதை அப்படியே புகழ்வதற்கில்லை. தீர்வை சுமையாகவே இருந்தது. ராயலசீமையில் பணிபுரிந்தபோது, அதில் காற்பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807இல் அவரே பரிந்துரைத்தார், அது ஏற்கப்படவில்லை. 1820இல் ஆளுநரானார். 1827 ஜூலை 6இல் பட்டிகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். சிற்பி சாண்ட்ரி வடித்த குதிரைச் சிலை 1839இல் சென்னையில் நிறுவப்பட்டது.

ஜான் மன்றோ 1778இல் பிறந்தவர். ஹெக்டரைப் போலவே அல்னெஸ் வட்டாரத்தவர். வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி 1809இல் ஒடுக்கப்பட்டதை அடுத்து, 1810இல் திருவிதாங்கூருக்கு ரெசிடென்ட் ஆனார். 1811 முதல் 1814 வரை திவான் பொறுப்பையும் வகித்தார். கோயில் சொத்துகள் அரசு நிர்வாகத்துக்குள் வந்ததும், அடிமை வாணிபத்தைத் தடை செய்யும் அறிவிப்பை ராணி கௌரி லட்சுமிபாய் 1812இல் வெளியிட்டதும் அவர் காலத்தில்தான். தாமஸ் ரயத்தோடு பேசினார் என்றால், ஜான் அரண்மனையின் பெயரால் ஆண்டார். இருவரின் அதிகாரமும் ஒரே வகையானதன்று.

ஆனால் மக்கள் நினைவு இருவரையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. மந்திராலயத்தில் ராகவேந்திரர் தாமஸ் மன்றோவுக்குக் காட்சி தந்தார் என்கிறது ஒரு கதை. செங்கன்னூர்ப் பகவதியை முதலில் ஐயுற்ற ஜான் மன்றோ, பிறகு காணிக்கை செலுத்தினார் என்கிறது மற்றொன்று. அந்நிய அதிகாரியைத் தெய்வத்தின் முன் பணியவைக்கும் இக்கதைகளின் உருவம் ஒன்றாக இருப்பதால் ஆள் மாறுவதும் எளிதாகிறது. எந்த மன்றோ என்பதை ஊரும் ஆண்டும் கொண்டே உறுதிப்படுத்த வேண்டும்.

 

ஸ்காட்லாந்தில் இன்று ‘மன்றோ’ என்றால் 3,000 அடிக்கு மேற்பட்ட மலை. 1891இல் அவற்றை முதலில் பட்டியலிட்டவர் ஹியூ மன்றோ. இப்போது அப்பட்டியலில் 282 மலைகள் உள்ளன. 1825இல் தாமஸுக்கு அளிக்கப்பட்ட லிண்டர்டிஸ் பாரனெட் பட்டம் அவரது வாரிசுகள் வழியே இறங்கி, நான்காவதாக ஹியூவிடம் வந்தது. பாரமகாலை அளந்தவரின் பேரன் அவர்.