கொழுந்துக்கு உலகம் செய்யும் மரியாதை

கொழுந்தை எப்படிக் கிள்ள வேண்டும், கவ்வாத்து எந்தப் பருவத்தில் வெட்ட வேண்டும், பச்சை இலை எவ்வளவு நேரம் வாட வேண்டும் என்பதையெல்லாம் இம்மலரைக் கையில் எடுப்போருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட வரலாறும், துரு நோய் கோப்பிச் செடியை அழித்த பிறகு மலையெங்கும் தேயிலை ஏறிய வரலாறும் அவர்கள் பாட்டன் பாட்டி வாயிலாகவே கேட்டறிந்தவை. மலர்க் குழுவினர் அன்போடு ஒப்படைத்த பணி வேறு. மலையை விட்டு இறங்கிய இலை சென்றடைந்த நாடுகளில் எப்படி வரவேற்கப்படுகிறது, எந்த முறைமையோடு பருகப்படுகிறது என்பதே இங்கே பொருள்.

நாட்டுக்கு நாடு பாத்திரம் மாறுகிறது, சேர்மானம் மாறுகிறது, அமரும் முறை மாறுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது விருந்தோம்பல் ஒன்றுதான். திருவள்ளுவர் இல்லறவியலில் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தினரை முன்னே உண்பித்து எஞ்சியதைத் தான் உண்பவனை அதில் உயர்த்திப் பேசினார். அந்த அறத்தைச் சீனரும் ஜப்பானியரும் திபெத்தியரும் ஒரு கிண்ணத் தேநீரில் கண்டார்கள் என்பதற்குச் சான்றுகள் ஏராளம்.

காஞ்சியும் கண்ணிமையும்

தமிழர் மேடைகளில் தேநீர் என்றதும் முதலில் சொல்லப்படுவது போதிதருமர் கதை. காஞ்சியிலிருந்து சென்ற பல்லவ இளவரசர் அவர் என்பது நம் மரபு. ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கித் தியானத்தில் அமர்ந்தவர், உறக்கம் குறுக்கிட்டதால் தம் கண்ணிமைகளை அறுத்தெறிந்தார் என்றும், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்றும் ஜப்பானில் வழங்கும் பழங்கதை கூறுகிறது. காஞ்சி பௌத்தம் தழைத்த நகர் என்பதற்கு மணிமேகலைக் காப்பியமும், 7ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த யுவான் சுவாங்கின் பயணக் குறிப்பும் சாட்சி. போதிதருமரைத் தென்னிந்திய அரசரின் மகன் என்று குறிக்கும் பழைய சீன ஏடு உண்டு. அவரைப் பாரசீகர் என்று குறிக்கும் அதைவிடப் பழைய ஏடும் உண்டு.

தேயிலையின் வயதோ போதிதருமருக்கு மிக முந்தியது. கி.மு. 59இல் சிச்சுவான் பகுதியில் வாங் பாவ் என்பவர் எழுதிய ஏவலாள் ஒப்பந்தம் ஒன்றில், ஊயாங் சந்தைக்குப் போய்த் தேயிலை வாங்கி வருவதும் ஏவலாளின் வேலைகளில் ஒன்று. அதற்கும் முந்திய சான்று மண்ணுக்கடியில் கிடைத்தது. கி.மு. 141இல் மறைந்த ஹான் பேரரசர் சிங்கின் கல்லறை வளாகத்தில் அகழ்ந்தெடுத்த இலைத்துணுக்குகள் தேயிலையே என்று 2016இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. ஆகவே கண்ணிமைக் கதையைச் செடியின் பிறப்பு வரலாறாகக் கொள்ளலாகாது. ஆயினும் அக்கதை பொருளற்றதன்று. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனத்துத் தாய்ஷான் மலையின் லிங்யான் மடத்தில் தியானம் பயின்ற துறவிகள் இரவு உணவு கொள்ளாமல், உறங்காமல் அமர்ந்தார்கள். தேநீர் மட்டுமே அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அவர்களைப் பார்த்து ஊர் மக்களும் பழகினார்கள் என்று தாங் காலத்து ஃபெங் யான் எழுதி வைத்திருக்கிறார். தமிழகம் தன் மகனாகப் போற்றும் முனிவரின் வழிவந்த தியான மரபும் தேநீரை மடத்திலிருந்து வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க உதவியது என்பது தமிழருக்குப் பெருமை தரும் செய்தி.

தேநீருக்கு நூல் செய்த லூ யூ

இலக்கணம் என்றால் தொல்காப்பியர் என்பது போல, தேநீர் என்றால் லூ யூ. கி.பி. 733இல் பிறந்ததாகக் கருதப்படும் இவர், இன்றைய ஹூபே மாநிலத்துத் தியான்மென் ஊரில் கைவிடப்பட்ட குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டார். எடுத்து வளர்த்தவர் ஒரு புத்த மடத்தின் தலைவர். தாய் தந்தையர் இன்னாரென்று அறியாத அந்தப் பிள்ளை பின்னாளில் எழுதிய 'சா சிங்', தேநீருக்கென எழுந்த முதல் பெருநூல். மூன்று சுருள்கள், பத்து இயல்கள். செடியின் தோற்றம், பறிக்கும் கருவிகள், பதப்படுத்தும் முறை, பாத்திரங்கள், காய்ச்சுதல், பருகுதல், பழைய சான்றுகள், விளையும் ஊர்கள் என்று நூல் விரிகிறது.

அந்நூலைக் கற்பவர் முதலில் வியப்பது நீரைப் பற்றிய பகுதியைக் கண்டுதான். மலை நீர் தலையாயது, ஆற்று நீர் இடைப்பட்டது, கிணற்று நீர் கடையாயது என்பது லூ யூவின் தீர்ப்பு. மலை நீரிலும் பாய்ந்து விழும் அருவி நீர் ஆகாது, கல்லின் மேல் மெல்லப் பரவி வருவதே வேண்டும் என்கிறார். கொதியிலும் மூன்று படிகள். மீன் கண் போன்ற குமிழ்கள் எழுந்தால் முதற்கொதி. அப்போது அளவாக உப்பு இட வேண்டும். பாத்திரத்தின் ஓரங்களில் முத்துக் கோத்தாற்போல் குமிழ்கள் எழுந்தால் இரண்டாம் கொதி. ஒரு அகப்பை நீரை எடுத்து வைத்துவிட்டு, மூங்கில் கோலால் சுழற்றி நடுவில் தூளை விட வேண்டும். அலைபோல் பொங்கினால் மூன்றாம் கொதி. எடுத்து வைத்த நீரை ஊற்றிப் பொங்கலை அடக்க வேண்டும். அதற்கு மேல் கொதித்த நீர் முதுமை அடைந்த நீர், பருகத் தகாதது.

வெங்காயம், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல், புதினா ஆகியவற்றைப் போட்டுக் கொதிக்க வைக்கும் அக்கால வழக்கத்தை லூ யூ கடுமையாகக் கண்டித்தார். சாக்கடையில் கொட்ட வேண்டிய நீர் அது என்பது அவர் கருத்து. இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்டுத் தேநீர் வைக்கும் நம் வீடுகள் இந்த ஒன்றில் அவரோடு மாறுபடலாம். இலையின் மணம் இலையினுடையதாகவே இருக்க வேண்டும் என்ற அவருடைய நெறியை மட்டும் யாரும் மறுக்க இயலாது.

லூ யூவை மக்கள் தெய்வமாகவே ஆக்கினார்கள். தாங் காலத்துத் தேயிலை வணிகர் அவருடைய மண் உருவத்தை அடுப்பருகே வைத்து வழிபட்டனர் என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. குயவர்கள் அவ்வுருவங்களைச் செய்து, தேநீர்ப் பாத்திரங்கள் பல வாங்குவோருக்கு ஒன்று வீதம் கொடுத்திருக்கிறார்கள். மலையகத்து மக்கள் தொழிற்சாலை இயந்திரத்தைக் காக்கும் ரோதைமுனிக்கும், கவ்வாத்துக் கத்தியைக் காக்கும் கவ்வாத்துச் சாமிக்கும் பொங்கலிட்டுப் படைத்தது அறியாமை என்று சொல்வோர் உண்டு. உழைப்பில் தெய்வத்தைக் காணும் அப்பண்பு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்திலும் இருந்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

இரண்டு பாய் விரிக்கும் அறை

சீனத்தில் தேயிலைக் கட்டியை அரைத்துத் தூளாக்கி, மூங்கில் துடைப்பத்தால் நுரைக்க அடித்துப் பருகும் வழக்கம் சோங் காலத்தில் உச்சம் கண்டது. பேரரசர் ஹூய்சோங் தாமே 1107இல் தேநீர் பற்றி ஒரு நூல் எழுதினார். 1391இல் மிங் வம்சத்தின் முதற்பேரரசர், அரண்மனைக்குக் கட்டித் தேயிலையைத் திறையாகச் செலுத்த வேண்டாம், உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டார். கட்டி செய்வதில் மக்கள் பட்ட துன்பத்தைக் குறைத்த ஆணை அது. அதன்பின் சீனம் இலையை நீரில் ஊற வைத்துப் பருகும் முறைக்கு மாறியது. அடித்துப் பருகும் பழைய முறை ஜப்பானில் நிலைத்தது.

அதை ஜப்பானுக்குக் கொண்டு சென்றவர் எய்சாய் என்னும் ஜென் துறவி. 1191இல் சீனத்திலிருந்து திரும்பியபோது தேயிலை விதைகளைக் கொண்டுவந்தார். தேநீர் பருகி உடல் நலம் காக்கும் வழியை 1211இல் நூலாக எழுதினார். மியோயே என்ற துறவி அவரிடம் பெற்ற விதைகளைக் கியோட்டோவை அடுத்த மலையில் கோசான்ஜிக் கோயிலருகே வளர்த்தார். அங்கிருந்து ஊஜி என்னும் புகழ்பெற்ற தேயிலை ஊருக்குச் செடி பரவியது.

இந்த மரபுக்கு முழு வடிவம் தந்த ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591). சகாய் துறைமுக நகரத்து வணிகரின் மகன். முராத்தா ஜுகோ, தகேனோ ஜோஓ ஆகியோர் தொடங்கிய எளிமை நெறியை அவர் முடிந்த எல்லை வரை கொண்டு சென்றார். அவர் அமைத்ததாகப் போற்றப்படும் 'தாயான்' அறை யமசாக்கியில் இன்றும் நிற்கிறது. ஜப்பான் அரசு அதைத் தேசியச் செல்வமாகப் பாதுகாக்கிறது. அந்த அறையின் அளவு இரண்டே பாய். மண் சுவர், சிறு சாளரம், ஒரு மூலையில் அடுப்பு, அவ்வளவுதான்.

அறையின் வாயிலில்தான் ரிக்யூவின் உள்ளம் தெரிகிறது. ஏறத்தாழ இரண்டடி உயரமும் அதே அகலமும் உள்ள சிறு திறப்பு அது. முழந்தாளிட்டுக் குனிந்தாலன்றி யாரும் உள்ளே புக முடியாது. வாளோடு நுழைய இயலாது என்பதால் சாமுராய் தன் வாளை வெளியே உள்ள தாங்கியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வர வேண்டும். நாட்டையே ஆண்ட ஹிதேயோஷியும் அப்படித்தான் குனிந்து சென்றார். நம் கோயில்களில் கருவறை நோக்கிச் செல்லச் செல்ல நிலைவாயில் தாழ்வதை நினைத்துப் பார்ப்போர் இதன் பொருளை எளிதில் உணர்வர்.

உள்ளே விருந்தளிப்பவர் விருந்தினரோடு உடன் அமர்ந்து உண்பதில்லை. பரிமாறிவிட்டு, தம் பங்கை உள்ளறையில் உண்கிறார். வள்ளுவர் போற்றிய இல்லறத்தானைக் கடல் கடந்து காணும் இடம் இது. கெட்டித் தேநீரை ஒரே கிண்ணத்தில் கலந்து விருந்தினர் அனைவரும் கைமாற்றிப் பருகுகின்றனர். கிண்ணத்தின் அழகிய முகப்பில் வாய் வைக்கக் கூடாது என்று பணிந்து, அதைச் சற்றுத் திருப்பிய பிறகே பருகுகின்றனர். இணக்கம், மரியாதை, தூய்மை, அமைதி என்னும் நான்கும் இந்நெறியின் தூண்கள்.

1587இல் ஹிதேயோஷி கியோட்டோவின் கித்தானோ கோயில் வளாகத்தில் பெருந்தேநீர் விழா எடுத்தார். ஒரு கெண்டியும் ஒரு கிண்ணமும் கொண்டுவரும் எவரும் பங்கேற்கலாம் என்று உழவரும் வணிகரும் அழைக்கப்பட்டனர். அங்கேயே பொன் தகடு வேய்ந்த தம் தேநீர் அறையையும் அவர் காட்சிக்கு வைத்தார். பொன்னறை கொண்ட ஆட்சியாளரும் மண்ணறை கொண்ட ஆசானும் நெடுநாள் ஒத்துப்போக முடியவில்லை. 1591இல் ரிக்யூ தம் வயிற்றைக் கிழித்து உயிர்விட வேண்டும் என்று ஹிதேயோஷி ஆணையிட்டார். காரணம் எதுவென அறிஞர் இன்றும் விவாதிக்கின்றனர். ரிக்யூ இறுதியாக ஒரு தேநீர் விருந்து அளித்துவிட்டு விடைபெற்றார் என்பது வழிவழிச் செய்தி. அவர் வழிவந்த ஓமோதேசென்கே, ஊராசென்கே, முஷாகோஜிசென்கே ஆகிய மூன்று குருகுலங்களும் இன்றளவும் அந்நெறியைக் கற்பிக்கின்றன. மார்ச் மாதக் கடைசியில் அவருக்குத் தேநீர் படைத்து வழிபடுகின்றனர்.

பிற நாடுகள் சில

சீனர் திருமணங்களில் மணமக்கள் பெற்றோருக்கும் மூத்தோருக்கும் பணிந்து, இரு கைகளாலும் தேநீர் அளிப்பது இன்றும் தவறாத சடங்கு. கிண்ணத்தை வாங்கிப் பருகினால் மருமகளை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீன அண்டை வீட்டாரின் திருமணத்துக்குச் சென்ற தமிழர் இதை நேரில் கண்டிருப்பர்.

திபெத்தில் செங்கல் போல் அழுத்திய தேயிலையை நெடுநேரம் காய்ச்சி, வெண்ணெயும் உப்பும் சேர்த்து, நீண்ட மரக்குழாயில் மத்தால் கடைகிறார்கள். விருந்தினர் ஒரு மிடறு பருகியதும் கிண்ணம் மீண்டும் நிரம்பும். விடைபெறும் வேளையில்தான் அதை முழுவதும் காலி செய்ய வேண்டும். காஷ்மீரத்து நூன் சாயும் உப்புத் தேநீரே, ஆனால் இளஞ்சிவப்பு நிறம் கொண்டது.

மொராக்கோவில் சீனப் பச்சைத் தேயிலையோடு புதினாவும் மிகுந்த சர்க்கரையும் சேர்த்து, உயரத்திலிருந்து கண்ணாடிக் குவளையில் நுரைக்க ஊற்றுகின்றனர். மலேசியத் தமிழ் முஸ்லிம் கடைகளின் தே தாரிக்கும் அவ்வாறே உயர்த்தி ஆற்றப்படுவதுதான். துருக்கியிலும் அசர்பைஜானிலும் உள்ள தேநீர்ப் பண்பாட்டையும், சீனத்தின் தேயிலைப் பதப்படுத்தும் மரபையும் யுனெஸ்கோ 2022இல் மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

ரஷ்ய அரசவைக்குத் தேயிலை 1638இல் மங்கோலிய அரசர் ஒருவரின் அன்பளிப்பாக வந்தது. துலா நகரத்துச் சமோவார் என்னும் வெந்நீர்க் கலங்கள் பிற்காலத்தில் வீடுதோறும் இடம்பிடித்தன. சர்க்கரையைத் தேநீரில் கரைக்காமல், கட்டியாகக் கடித்தபடி பருகுவது அங்கே பழைய வழக்கம். இலங்கை மலையகத்தில் உள்ளங்கையில் சீனியை வைத்துத் தொட்டுக்கொண்டு பிளேன்டீ குடித்த தலைமுறைக்கு இது புதிய செய்தியன்று.

செய்ய வேண்டியது

உலகம் இத்தனை மரியாதையோடு கையில் ஏந்தும் இலையைப் பறித்துக் கொடுத்தவர்களுக்கு வரலாறு அந்த மரியாதையைச் செய்யவில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', பி.எச். டேனியலின் 'ரெட் டீ' நாவல், அதை இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு', சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகள் ஆகியவை அத்துயரத்தின் சாசனங்கள். தோட்டப் பள்ளிகளின் நூலகங்களில் இவை கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே லூ யூவின் வாழ்வும் ரிக்யூவின் வாழ்வும் எளிய தமிழில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். தன் பாட்டி கிள்ளிய கொழுந்துக்கு முன்னே நாடாண்டவரும் குனிந்தார் என்று அறியும் பிள்ளை, தன் குலத்தொழிலைச் சொல்ல நாணாது.

ஐக்கிய நாடுகள் அவை மே 21ஆம் நாளைப் பன்னாட்டுத் தேயிலை நாளாக 2019இல் அறிவித்தது. அன்று நம் சங்கங்கள் கூட்டங்கள் நடத்துகின்றன, தீர்மானங்கள் நிறைவேற்றுகின்றன. இனி அந்நாளில் ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பெண்களை முன்வரிசையில் அமர்த்த வேண்டும். சங்கத் தலைவர்களும் இளைஞர்களும் இரு கைகளாலும் அவர்களுக்கு முதற்கோப்பையை அளித்த பிறகே கூட்டம் தொடங்க வேண்டும். அந்தத் தேநீர் தூசித் தேயிலையில் போட்டதாக இருக்கலாகாது. அப்பெண்கள் உழைத்த தோட்டத்திலிருந்து ஏற்றுமதியாகும் முதல்தர இலையில், நல்ல ஊற்று நீரில் போட்டதாக இருக்க வேண்டும். இம்மலரை அரும்பாடுபட்டு வெளியிடும் அன்பர்களே இதற்கான ஏற்பாட்டை வரும் மே மாதத்துக்குள் செய்து முடிக்க வேண்டும்.