பொத்துவில் விவசாயக் குடும்பத்தின் காணிப் பத்திரங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டிலுள்ள பத்திரங்களுள் எதனை எவ்வளவு காலம் பேணுவது என்பது, மேலோட்டமாக நோக்குமிடத்து, இல்லப் பராமரிப்புப் பற்றிய வினாவாகவே தோன்றும். ஆயின் பொத்துவில் போன்றதொரு விவசாயப் பிரதேசத்தில் அது நிலவுடைமை வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கப்படத் தக்கதன்று.

மலைநாட்டிற் கோப்பிப் பெருந்தோட்டங்கள் விரிவடைந்த வேளையில், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என அனுமானித்தது. அதே ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம், காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படும் உறுதியை வேண்டிநின்றது. காட்டை வெட்டி எரித்து விதைத்து, பின் நிலத்தை ஆறவிட்டு மீளும் சேனைச் செய்கையாளனின் உழைப்பு, இவ்வாறு சாட்சியாகும் தகுதியை இழந்தது. நிரூபிக்கும் பொறுப்பு அவன் தலையிலேயே சுமத்தப்பட்டது.

1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, தனியாருக்கு எதிராகப் பத்தாண்டுக் கால இடையறாத ஆட்சி உரிமையாகலாம். முடிக்கு எதிராக அது செல்லாது. எனவே அயலவனோடு ஏற்படும் பிணக்குக்குப் பத்தாண்டுப் பற்றுச்சீட்டுகள் பயன்படக்கூடும். அரசோடு வழக்காட வேண்டியவனுக்கோ பாட்டன் காலத்துக் கடுதாசியும் வேண்டும்.

பத்திரங்களைப் பேணுபவர் யார் என்பதையும் நாம் நோக்க வேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு சீதனமாக மகளுக்குச் செல்வது வழக்கு; வீட்டுறுதியும் அவ்வாறே தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். இதற்கு மாறாக, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளில், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து, 2022 ஆம் ஆண்டுத் திருத்தம்வரை ஆண்மக்களுக்கே முன்னுரிமை இருந்தது. ஒரே பெட்டியில் இருந்த இருவகைப் பத்திரங்கள் இருவேறு உரிமைமுறைகளைப் பேசின.

2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தின் வீடுகளோடு பெட்டிகளையும் அள்ளிச் சென்றது. நொத்தாரிசு உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். வரிச்சீட்டுக்கும் கைக்கடிதத்துக்கும் அத்தகைய காப்பு இல்லை. செல்வர்க்கு அரசே ஆவணக்காப்பாளனாக, உழவன் தன் உடைமைக்குத் தானே காப்பாளனானான்.

ஆதலின் உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், பின்னுரித்து நியமனம் ஆகியவற்றுக்குக் காலவரையறை வகுத்தல் பொருந்தாது. வரிச்சீட்டுகளையும் பத்தாண்டு கழிந்ததும் எறிந்துவிடலாகாது. பிரதிகள் கடலுக்கு எட்டாத வேறோர் இல்லத்தில் இருத்தல் வேண்டும். உழுதவனே நிரூபிக்க வேண்டும் என்ற நியதி மாறும்வரை, அப்பெட்டியும் வயலின் ஒரு பகுதியே.