டங்கன் எட்வர்ட்ஸ் - ஜூனியர் அணியை விட்டுப் போகாத நட்சத்திரம்

1955 ஏப்ரல் 2. லண்டன் வெம்ப்ளி மைதானம். ஸ்காட்லாந்தை 7-2 என்று புரட்டி எடுத்தது இங்கிலாந்து. அன்றுதான் இங்கிலாந்துக்காக முதல் முறை களமிறங்கிய டங்கன் எட்வர்ட்ஸுக்கு வயது 18. அதே மாதம் அவர் இன்னொரு இறுதிப் போட்டியிலும் ஆடினார். எதில் தெரியுமா? இளைஞர்களுக்கான எஃப்.ஏ. யூத் கப்பில், மான்செஸ்டர் யுனைடெட் ஜூனியர் அணிக்காக!

நாட்டுக்கே ஆடுகிறவரைக் கொண்டுபோய் பொடியன்களோடு மோத விடுவதா என்று பலரும் திட்டித் தீர்த்தார்கள். மேனேஜர் மாட் பஸ்பி பதில் சொல்லி ஒரு கட்டுரையே எழுத வேண்டியதாயிற்று. வயது விதிப்படி அதில் தப்பே இல்லை. ஆனால் எதிரணிப் பையன்களை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

எட்வர்ட்ஸ் பிறந்தது 1936ல், டட்லி என்ற ஊரில். பக்கத்திலேயே வுல்வர்ஹாம்ப்டன். அங்கிருந்த வுல்வ்ஸ் அப்போது பெரிய கிளப். அதை விட்டுவிட்டு 1952ல் மான்செஸ்டருக்குப் போனார். கால்பந்து கைகொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று தச்சு வேலையும் பழக ஆரம்பித்தார். தேவையே படவில்லை! 1953 ஏப்ரலில், 16 வயதிலேயே சீனியர் அணியில் இடம். கார்டிஃப் சிட்டியிடம் 4-1 என்று தோற்ற மேட்ச் அது. அடுத்த மாதம் முதல் யூத் கப் இறுதிப் போட்டி. எதிரணி வேறு யாரும் இல்லை, அதே வுல்வ்ஸ். இரண்டு ஆட்டமும் சேர்த்து 9-3. அதிலிருந்து 1957 வரை ஐந்து வருடமும் கோப்பை யுனைடெட்டுக்கே. முதல் மூன்றில் எட்வர்ட்ஸ் இருந்தார்.

இதில் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சொந்த மைதானமே நாசமான கிளப் அது. அதனால் ஆட்களை விலைக்கு வாங்குவதைவிட, வளர்த்து எடுப்பது என்று ஜிம்மி மர்ஃபி, பெர்ட் வாலி போன்ற பயிற்சியாளர்களை வைத்து உழைத்தார் பஸ்பி. வாங்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1953ல் டாமி டெய்லருக்கு 29,999 பவுண்ட் கொடுத்தார்கள். முப்பதாயிரம் என்ற பாரம் பையன் தலையில் ஏறக்கூடாதென்று ஒரு பவுண்ட் குறைத்தார்களாம்! (நம்ம ஊர் 99 ரூபாய் செருப்பு விலை ஞாபகம் வருகிறதா?)

அப்போது ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. எட்வர்ட்ஸ் சைக்கிளில்தான் போய் வந்தார். ஒருமுறை விளக்கில்லாமல் ஓட்டி போலீசில் மாட்ட, ஐந்து ஷில்லிங் அபராதம். கிளப் தன் பங்குக்கு இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது.

1956, 1957 இரண்டு வருடமும் லீக் சாம்பியன். கிட்டத்தட்ட உள்ளேயே வளர்ந்த அணி.

1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில், மியூனிக் விமான நிலையத்தில் மூன்றாவது முயற்சியாக விமானம் கிளம்பியபோது விபத்து. மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். பெர்ட் வாலியும் டாமி டெய்லரும் போய்விட்டார்கள். விமானம் ரத்து, நாளைதான் வருவேன் என்று எட்வர்ட்ஸ் தான் தங்கியிருந்த வீட்டு அம்மாவுக்கு அனுப்பிய தந்தி, விபத்துக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

பலத்த காயங்களோடு ஆஸ்பத்திரியில் கிடந்த எட்வர்ட்ஸ், பார்க்க வந்த மர்ஃபியிடம் சனிக்கிழமை வுல்வ்ஸ் மேட்ச் எத்தனை மணிக்கு என்று கேட்டாராம்.

பிப்ரவரி 19ல் யுனைடெட் மறுபடி ஆடியது. யார் ஆடுவார்கள் என்று தெரியாததால் அச்சிட்ட நிகழ்ச்சித் தாளில் அணியின் பெயர்களுக்கான இடம் காலியாக இருந்தது. ஜூனியர்களில் இருந்து வந்த ஷே பிரென்னன் முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தார். 3-0 வெற்றி.

இரண்டு நாள் கழித்து, 21 வயதில் எட்வர்ட்ஸ் இறந்தார். அந்த வருட யூத் கப்பை வென்றது வுல்வ்ஸ்.