நாளைக்கு ஸ்கூல் லீவா? கல்பாக்கம் பெற்றோர் மழைக்காலத்தில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை

வானம் லேசா இருட்டினாலே போதும். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் விழும் முதல் கேள்வி, "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்பதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி பெய்கிறது. வங்கக் கடலை ஒட்டியுள்ள கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் பகுதிகளில் இந்த 3 மாதங்களும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பதற்றமான காலம்.

ஆனால் லீவு விட்டாச்சுன்னா ஆபத்து போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. லீவு விடலைன்னா ஆபத்து இல்லைன்னும் அர்த்தம் இல்ல. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான அந்த அரை மணி நேரமும், விடுமுறை நாளில் பிள்ளைகள் வெளியே சுற்றும் நேரமும்தான் அதிகக் கவனம் தேவைப்படுபவை. அதனால் பெற்றோர் என்னென்ன தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்? பார்க்கலாம்.

விடுமுறையை அறிவிப்பது யார்?

மழை விடுமுறையை அந்தந்த மாவட்ட ஆட்சியர்தான் அறிவிப்பார். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. எனவே கல்பாக்கம் மக்கள் பார்க்க வேண்டியது செங்கல்பட்டு ஆட்சியரின் அறிவிப்பை மட்டுமே. சென்னைக்கு லீவு என்று டிவியில் ஓடினால் அது நமக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடக் கூடாது. காஞ்சிபுரத்துக்கு விட்டால் நமக்கும் உண்டு என்பதும் இல்லை.

அறிவிப்பு சில நேரம் முந்தைய நாள் இரவே வரும். சில நேரம் காலையில்தான் வரும். இரவில் மழை நின்றிருந்து விடியற்காலையில் மீண்டும் கொட்டினால், வேனில் பிள்ளையை ஏற்றிய பிறகுகூட தகவல் வரலாம். அதனால் மழை நாளில் வேன் ஓட்டுநர், வகுப்பு ஆசிரியர், பள்ளி அலுவலகம் ஆகிய 3 எண்களும் அப்பா, அம்மா இருவர் போனிலும் இருக்கட்டும். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களிடமும் கொடுத்துவையுங்கள்.

'பள்ளிகளுக்கு மட்டும்' என்று வருகிறதா, 'பள்ளி, கல்லூரிகளுக்கு' என்று வருகிறதா என்பதையும் கவனியுங்கள். கல்பாக்கம் நகரியம், அணுபுரத்தில் உள்ள அணுசக்தி மத்தியப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பள்ளியிலிருந்து வரும் தகவலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. போன வருஷ லீவு அறிவிப்பைத் தேதி தெரியாமல் ஃபார்வர்டு செய்வது ஒவ்வொரு மழைக்கும் நடக்கிறது. தேதியைப் பார்க்காமல் நம்ப வேண்டாம், அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம்.

மஞ்சள், ஆரஞ்சு, ரெட் அலர்ட் என்றால் என்ன?

வானிலை ஆய்வு மையம் 24 மணி நேர மழை அளவை வைத்து எச்சரிக்கை நிறத்தைத் தருகிறது.

• கனமழை: சுமார் 7 முதல் 11 செ.மீ வரை. பொதுவாக மஞ்சள் எச்சரிக்கை. நிலவரத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று பொருள்.
• மிக கனமழை: 12 முதல் 20 செ.மீ வரை. ஆரஞ்சு. தயாராக இருங்கள் என்று பொருள்.
• அதி கனமழை: 20 செ.மீ-க்கு மேல். ரெட். உடனே நடவடிக்கை தேவை என்று பொருள்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த நிறம் முழு மாவட்டத்துக்கும், முழு நாளுக்கும் சொல்லப்படுவது. 'மஞ்சள்தானே' என்று விட்டுவிட முடியாது. நாள் முழுக்கப் பெய்ய வேண்டிய 7 செ.மீ மழை, சரியாகப் பள்ளி விடும் நேரத்தில் ஒரே மணி நேரத்தில் கொட்டினால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். எனவே காலையில் அலர்ட் நிறத்தைப் பாருங்கள். மதியம் 2 மணி வாக்கில், 'அடுத்த 3 மணி நேரத்தில்' மழை பெய்யும் மாவட்டங்கள் என்று சென்னை மண்டல வானிலை மையம் தரும் தகவலையும் பாருங்கள். பிள்ளையை அழைத்துவர யார் போவது, எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்ய உதவுவது அதுதான்.

புயல் வேற ஊர்ல கரையைக் கடந்தா நமக்குப் பிரச்னை இல்லையா?

அப்படி இல்லை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அது நம் வாசலுக்கே வந்த புயல். ஆனால் 2023 டிசம்பர் 5-ம் தேதி மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. அதற்கு முந்தைய 2 நாட்களில் சென்னையும் செங்கல்பட்டு மாவட்டத்தின் பல பகுதிகளும் வெள்ளத்தில் மிதந்தன. அரையாண்டுத் தேர்வுகளும் தள்ளிப்போயின. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் இந்தக் கடற்கரை முழுக்க மழை, காற்று இரண்டும் இருந்தன.

புயலின் மையம் எந்த ஊரைத் தொடுகிறது என்பது ஒரு தகவல் மட்டுமே. மழை மேகங்கள் நூற்றுக்கணக்கான கி.மீ பரவியிருக்கும். 'புயல் தள்ளிப் போயிடுச்சு' என்ற செய்தியைப் பார்த்துப் பிள்ளைகளை வெளியே விட்டுவிட வேண்டாம்.

ஸ்கூலுக்குப் போகும் வழியில் என்ன ஆபத்து?

• ஓடும் தண்ணீர்: வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே பெரியவர்களையும் நிலைகுலைய வைக்கும். ஒரு அடி ஓடினால் சிறிய காரே மிதக்கத் தொடங்கும். 6 வயதுப் பிள்ளைக்கு அந்த அரை அடியே அதிகம். தரைப்பாலத்தில் தண்ணீர் போனால் டூவீலரில் கடக்க முயல வேண்டாம். சுற்றுப்பாதை இல்லையென்றால் அன்றைக்குப் பள்ளியே வேண்டாம்.

• மூடாத பள்ளம், வடிகால்: சாலை விரிவாக்கம், குழாய் பதிப்புக்குத் தோண்டிய பள்ளங்கள் மழைத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. வெயில் நாளிலேயே பிள்ளையுடன் ஒருமுறை அந்த வழியில் நடந்து, எங்கே பள்ளம், எங்கே வடிகால் என்று காட்டிவிடுங்கள்.

• மின்கம்பி: அறுந்து கிடக்கும் கம்பியைத் தொட்டால்தான் ஷாக் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். கம்பி கிடக்கும் ஈரத் தரையிலும், தேங்கிய தண்ணீரிலும் மின்சாரம் பாயும். கிட்டேயே போகக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். மின்கம்பம், ஸ்டே கம்பி, தெருவில் உள்ள மின்பெட்டி எதையும் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

• பழைய சுவர்: நாட்கணக்கில் ஊறிய சுவர் முன்னறிவிப்பு இல்லாமல் சரியும். 2019 டிசம்பர் 2-ம் தேதி மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் மதில்சுவர் இடிந்து 17 பேர் உயிரிழந்தனர். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தனர். மழைக்கு ஒதுங்கும்போது பிள்ளைகள் முதலில் தேடுவது சுவரோரத்தைத்தான். பள்ளியிலோ வழியிலோ விரிசல் விட்ட சுவர் இருந்தால், தலைமை ஆசிரியரிடமோ ஊராட்சியிலோ எழுத்து மூலமாகச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

• மின்னல்: இடி கேட்டாலே மின்னல் தாக்கும் தூரத்தில் இருக்கிறோம் என்றுதான் அர்த்தம். மரத்தடியில் நிற்கக் கூடாது. கான்கிரீட் கட்டடம் அல்லது கதவு மூடிய வேன், பேருந்துக்குள் இருப்பதே பாதுகாப்பு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மைதானத்துக்குப் போகலாம்.

லீவு விட்டாச்சு, பிள்ளைங்க எங்க இருக்காங்க?

இதுதான் பலரும் கேட்க மறக்கும் கேள்வி. லீவு பிள்ளைகளுக்கு மட்டும்தான். அப்பா ஷிஃப்டுக்குப் போயிருப்பார், அம்மாவும் வேலைக்குப் போயிருப்பார். மழை விட்டவுடன் பிள்ளைகள் தண்ணீர் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

கல்பாக்கத்தைச் சுற்றித் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கிழக்கே கடல், அதை ஒட்டி பக்கிங்ஹாம் கால்வாய், தெற்கே வாயலூர் பக்கம் பாலாறு கடலில் சேரும் முகத்துவாரம், மேற்கே ஊருக்கு ஊர் ஏரி. இதில் பாலாற்றின் குணத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கும் ஆறு அது. வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போது வெள்ளமாக வந்து சேரும். 2021 நவம்பரில் பாலாற்றில் அப்படிப் பெருவெள்ளம் வந்தது. 'மழைதான் விட்டுடுச்சே' என்ற கணக்கு பாலாற்றில் எடுபடாது. வாயலூர் தடுப்பணையில் தண்ணீர் வழிவதைப் பார்க்கவும், செல்ஃபி எடுக்கவும் குழந்தைகளைக் கூட்டிப்போவதைத் தவிருங்கள். மணல் எடுத்த இடங்களில் உள்ள ஆழம் மேலிருந்து தெரியாது.

கடலும் அப்படித்தான். காற்றழுத்தத் தாழ்வு உருவானாலே அலையின் வேகம் மாறும். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் நாளில், கரையில் கால் நனைக்கவும் பிள்ளைகளை விட வேண்டாம்.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளி இல்லாத நாள். கல்பாக்கம் நகரியத்திலும் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலும் அலை உயிர்களைப் பறித்தது. அது மழையால் வந்ததல்ல. ஆனால் கடலோரத்தில் வளரும் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. நிலம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல் கடலுக்கு எதிர்த்திசையில், மேட்டை நோக்கி ஓட வேண்டும்.

பிள்ளைகளை வீட்டில் விட்டுப்போக வேண்டியிருந்தால், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். 3, 4 குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துக்கொள்வது இன்னும் எளிது.

வீட்டுக்குள்ளே எதைப் பார்க்கணும்?

ஈரக் கையால் ஸ்விட்ச், சார்ஜர், ஹீட்டரைத் தொடக் கூடாது. சுவரில் ஈரம் ஏறியிருந்தால் அந்த ஸ்விட்ச் போர்டைப் பயன்படுத்த வேண்டாம். மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதல் வேலை மெயினை நிறுத்துவதுதான். தம்பி, தங்கை தவழும் வயதில் இருந்தால் வாளியில் பிடித்துவைத்த தண்ணீரும் ஆபத்து. மூடி வையுங்கள்.

காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் வளரும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் போதும். அதனால் வாரம் ஒருமுறை பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய் மட்டை, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவிட்டால் பாதி வேலை முடிந்தது. பள்ளிக்கு முழுக்கை உடை போட்டு அனுப்பலாம்.

டெங்குவில் காய்ச்சல் குறையும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். 3-ம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் விட்டும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், சிறுநீர் குறைவு, அசதி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கடையில் கேட்டு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கொடுக்கக் கூடாது. காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் வேண்டாம்.

வெள்ளத் தண்ணீரில் நடந்துவந்தால் கால்களை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே நுழையலாம். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே கொடுங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் மார்கழிப் பனி தொடங்கிவிடும். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலரைப் பையில் வைத்து, ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

அணுமின் நிலையம் பற்றி ஃபார்வர்டு வந்தால்?

ஒவ்வொரு புயலுக்கும் இந்த வதந்தி வரும். 2004 சுனாமியில் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தபோது, அப்போது இயங்கிக்கொண்டிருந்த 2-வது அணு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. உண்மையிலேயே அவசரநிலை ஏற்பட்டால் மக்களுக்கான அறிவிப்பு மாவட்ட நிர்வாகம் வழியாகத்தான் வரும். வாட்ஸ்அப் குரல் பதிவை நம்பிப் பிள்ளையை அழைத்துவர மழையில் பைக்கை விரட்டுவதுதான் அன்றைக்குப் பெரிய ஆபத்தாக முடியும்.

இந்த வாரமே செய்து முடிக்கக்கூடியவை

• பிள்ளையின் பையில் பெயர், வகுப்பு, 2 போன் எண்கள் எழுதிய அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.
• கண்ணைக் கவரும் மஞ்சள், ஆரஞ்சு நிற ரெயின்கோட் வாங்குங்கள். பலத்த காற்றில் குடையை விட அதுதான் நல்லது.
• மாற்று உடை, டவல், காய்ந்த காலுறை ஒரு கவரில் இருக்கட்டும்.
• யார் வந்தால் மட்டும் பிள்ளையை அனுப்பலாம் என்று பள்ளியில் எழுதிக் கொடுங்கள்.
• அப்பா அல்லது அம்மாவின் போன் எண் ஒன்றையாவது பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்குங்கள்.

அவசர எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி எண் 1098, மின்சாரப் புகார்களுக்கு மின்னகம் 94987 94987.

மழைக்கு விட்ட லீவை ஈடுகட்ட சனிக்கிழமை வகுப்பு வைப்பது வழக்கம்தான். ஒரு நாள் பாடம் போனால் அடுத்த வாரம் படித்துக்கொள்ளலாம். ஆட்சியர் லீவு விடவில்லை, ஆனால் உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடுகிறது என்றால், ஆசிரியருக்கு ஒரு போன் செய்து சொல்லிவிட்டுப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவின் நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும்.