பொது ஆவணங்கள்: நமக்குக் கவசம், எதிரிக்கு வழிகாட்டி

வன்கொடுமைப் புகார் அளித்தவருக்கும், சாதி மறுப்புத் திருமணம் செய்யும் இணையருக்கும் தகவலே முதல் பாதுகாப்பு. ஊரைவிட்டு வந்து மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருப்போர் அறியவேண்டிய பொது ஆவணங்களை இங்கே தொகுத்துள்ளோம்.

வழக்கு ஆவணங்கள்

முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என யூத் பார் அசோசியேஷன் வழக்கில் 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பாலியல் குற்றம், போக்சோ போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் தரப்பினரின் பெயரையோ, காவல் நிலையத்தையும் குற்ற எண்ணையும் கொண்டோ வழக்கின் நிலையையும் அடுத்த விசாரணைத் தேதியையும் அறியலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி, பிணை விசாரணை குறித்து முன்னறிவிப்புப் பெறவும் அதில் தம் தரப்பைச் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. அறிவிப்புக்காகக் காத்திராமல் இத்தளத்தையும் தொடர்ந்து கவனிப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை: ஒரே பெயரில் பலர் இருப்பர், வழக்கு நிலுவையில் இருப்பது குற்றத்தீர்ப்பும் ஆகாது.

தங்குமிடம்

முன்பணம் கொடுக்குமுன், வீட்டைத் தம்முடையது என்பவர் உண்மையில் உரிமையாளர்தானா எனப் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி மகளிர் விடுதிகள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். சேருமுன் அதைக் காட்டுமாறு கேட்பது மாணவியரின் உரிமை.

ஆவணமே ஆபத்தாகும்போது

நமக்குத் திறந்திருக்கும் ஆவணம் எதிரிக்கும் திறந்தே இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, திருமண அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்பட்டு 30 நாட்கள் ஆட்சேபணைக்காகக் காத்திருக்கும். மணமக்களில் ஒருவரின் நிரந்தர வசிப்பிடம் வேறு மாவட்டமாயின், அம்மாவட்டத் திருமண அலுவலருக்கும் அறிவிப்பின் நகல் செல்லும். சென்னையில் மனு கொடுத்தாலும் செய்தி சொந்த ஊரை எட்டிவிடுகிறது.

இருவரும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவராயின், 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருத்தம் தந்த 7ஏ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணம் செய்து பதிவு செய்யலாம், முன்னறிவிப்புத் தேவையில்லை. இதற்குப் பொது அறிவிப்போ விழாவோ அவசியமில்லை என்று இளவரசன் வழக்கில் 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இணையரில் ஒருவர் கிறித்தவராகவோ இஸ்லாமியராகவோ இருந்தால் இவ்வழி பொருந்தாது. தலித் கிறித்தவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களில் மறைக்க 15ஏ(8) பிரிவு சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நீதிமன்றம் தானாகவே ஆணையிடலாம் எனினும், தொடக்கத்திலேயே மனு கொடுக்குமாறு வலியுறுத்துகிறோம். ஒருமுறை வெளியான முகவரியைத் திரும்பப் பெற இயலாது.

காவல்துறை மௌனம் காத்தால்

பாதுகாப்பு கோரிய மனுவின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ்க் கேட்கலாம். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலாயின் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது 7(1) பிரிவு. மனுவில் அப்பிரிவைக் குறிப்பிடுக. சாதி மறுப்பு இணையருக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது. பாதுகாப்பு கோரும் மனுவில் அத்தீர்ப்பையும் சுட்டுங்கள். ஒப்புகைச் சீட்டு பெறாமல் திரும்பாதீர்கள்.