பாதாளமும் விண்மீனும்

பாலகாட், சாம்பியன் ரீஃப் சுரங்கங்களில் நம்மவர்கள் பொன்னெடுத்தார்கள். சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் 1965-இல் விஞ்ஞானிகள் காற்றுமண்டல நியூட்ரினோவையே கண்டெடுத்தார்கள். கோலார் தங்கவயல் ஆய்வுகளில் பங்குகொண்ட வங்கப் பெண்மணி பிபா சௌத்ரி (1913–1991). வாழ்ந்த நாளில் அவர் பெயரை அதிகம் பேர் சொல்லலை.

விண்மீனுக்கு உலகம் ஒப்பும் பெயரைப் பதிவது, 1919-இல் தோன்றிய சர்வதேச வானியல் ஒன்றியம். காசு வாங்கிப் பெயர் விற்கும் கம்பெனிகளின் சான்றிதழ் செல்லாது. அல்டெபரான் முதலாக அரபுப் பெயர்களே அதன் பட்டியலில் ஏராளம். நாம் ஜாதகத்தில் எழுதும் பரணியும் ரேவதியும் 2017-இல்தான் ஏறின.

2019-இல், பெயர் சூட்ட இந்தியாவுக்குக் கிடைத்த விண்மீனுக்கு 'பிபா' என்றே சூட்டினார்கள். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது, பதிவில் இருக்கிறது.

சுரங்கத்தை 2001-இல் மூடியாச்சு. அங்கே உழைத்த நம் பெரியவர்களின் பெயர்களை யார் பதிவது? வீட்டுக்கு ஒரு நோட்டுப் போட்டு நாமே எழுதி வைப்போம்.