கேசரிப் பவுடர்

கேசரி என்றாலே குங்குமப்பூதான். பெயரிலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் குங்குமப்பூவுக்கு ஏது வசதி? அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் கேசரிப் பவுடர் இருக்கும். அம்மா ஒரு சிட்டிகை போடுவாள். விரல் நுனி மறுநாள்கூட ஆரஞ்சாகவே இருக்கும். அதைப் பார்த்தும் நாங்கள் யாரும் எதுவும் கேட்டதில்லை.

1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்குக் கொய்னா மருந்து செய்யப் போய், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளில் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். துணிக்கு வந்த சாயங்களின் சொந்தக்காரர்கள் பிறகு தட்டுக்கும் வந்தார்கள். டார்ட்ரசைன், சன்செட் எல்லோ எல்லாம் அப்படித்தான்.

நம் நாட்டில் 1954-இல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. இன்று 8 செயற்கை நிறங்களுக்குத்தான் அனுமதி. இனிப்பில் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மெட்டானில் எல்லோ அந்தப் பட்டியலிலேயே கிடையாது. அம்மாவின் சிட்டிகைக்கு யார் மில்லிகிராம் கணக்குப் பார்த்தார்கள்?

2024 பிப்ரவரியில் மெரினா பஞ்சு மிட்டாயைச் சோதித்தபோது ரோடமின் பி என்ற துணிச் சாயம் இருந்தது. புதுச்சேரி முந்திக்கொண்டு தடை போட்டது. 17-ஆம் தேதி தமிழ்நாடும் போட்டது. மணலில் குழலூதி விற்ற பையன்களை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே எங்கள் டப்பா குப்பைக்குப் போயிற்று. வெள்ளைக் கேசரியைப் பார்த்துப் பேத்தி, "தாத்தா, இது உப்புமாவா?" என்றாள். பீட்ரூட் சாறு விட்டுப் பார்த்தோம், மண் வாசனை. இப்போது வெதுவெதுப்பான பாலில் நாலு இழை குங்குமப்பூ. நிறம் இளமஞ்சளோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.